குட்டி மெட்ராஸ்

என் அக்கா வீடு, திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற சாலையில், ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் வரும் ஒரு நகரில் இருக்கிறது. நகர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சோளக்காட்டைச் சமன் செய்து, கல் ஊன்றி, வாசலில் இரண்டு தூணும் ஒரு வளைவும் கட்டி, மனை விற்ற புரோக்கர் அதற்குத் தன் மகளின் பெயரை வைத்தார். வளைவுக்குச் செலவழித்ததில் பாதியைத் தண்ணீருக்குச் செலவழித்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மனை விற்பனை தொடங்கிய அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன் விட்டார்கள். ஷாமியானா போட்டு வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி போட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவர் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சும்மா போவது மரியாதை இல்லை. என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டவர். அதனால் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்தார். “அண்ணே, பத்தே வருஷம் பொறுங்க. இந்த எடம் ஒரு குட்டி மெட்ராஸ் ஆயிரும்” என்று புரோக்கர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். மச்சான் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது வந்த பணம் முழுவதும் இன்று அந்தச் சோளக்காட்டில் மாடி வீடாக நிற்கிறது.

பத்து வருஷம் பொறுத்தாகிவிட்டது. வளைவில் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. புரோக்கரின் மகள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள் என்று கேள்வி. மெட்ராஸ் மட்டும் வரவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்று பொதுவாக ஒன்று கிடையாது. நல்ல தண்ணி உண்டு, உப்புத் தண்ணி உண்டு. நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. உப்புத் தண்ணி மற்ற எல்லாவற்றுக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் எந்தக் குடத்தில் எது என்று கேட்காமலே தெரிந்துகொள்வது எங்களுக்குக் கூடப் பிறந்த திறமை. வந்தவர் யாராக இருந்தாலும், கடன் கேட்டு வந்தவராகவே இருந்தாலும், நல்ல தண்ணிக் குடத்திலிருந்துதான் மொண்டு கொடுப்பார்கள். அக்கா வீட்டு ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணி என்று சொன்னால் உப்புக்கே கோபம் வரும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணிக் குழாய் அந்த வளைவு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நகர் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதில் ஏதோ குழப்பம் என்றார்கள். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் பிழைப்பு ஓடுகிறது.

இதெல்லாம் பழகிப்போன கஷ்டம். பழகாதது ஒன்று போன வருஷம் வந்தது. அக்காவின் மருமகள் தலைப்பிரசவத்துக்குத் தன் அம்மா வீட்டுக்கு, நத்தத்துக்குப் போனாள். பெண் குழந்தை. ஞானஸ்நானமும் அங்கேயே நடந்தது. மூன்று மாதம் கழித்துக் குழந்தையோடு வந்தவள் ஒரு வாரம்தான் இருந்தாள். குழந்தையின் உடம்பெல்லாம் சிவந்து தடித்துப்போய்விட்டது. “லாரித் தண்ணியில குளிப்பாட்டுறேன் அத்தை” என்று அவள் கேட்டிருக்கிறாள். “நாங்கல்லாம் இதுல குளிக்காமயா இருக்கோம்? குடிக்கவே பத்தாத தண்ணிய மேல ஊத்துறதா?” என்று அக்கா கத்தியிருக்கிறாள். மறுநாள் மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குழாயில் நல்ல தண்ணி வருகிற அன்றைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அக்கா மகன் பாவம், சனிக்கிழமை தோறும் மில் ஷிப்ட் முடிந்து நத்தத்துக்கு ஓடுகிறான்.

நீயே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று அக்காவிடம் கேட்டேன். சம்பந்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதைவிட ரயில்வே பிளாட்பாரத்தில் தங்குவது கௌரவம் என்று நினைக்கிற சாதி மனுஷி அவள். ஞானஸ்நானத்துக்குப் போனபோதே சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எழுந்ததும் பஸ் ஏறிவிட்டாள். பேத்தியை மகனின் செல்போனில்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், முதல் பல் முளைத்ததும் அவளுக்குக் கையகலத் திரையில்தான் நடந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து முடித்துவிட்டு, “குழாய் வரட்டும்” என்பாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. பார்க்கிற மாதிரி அவள் அழுகிறவளும் இல்லை.

கடைசியில் மச்சான்தான் முடிவெடுத்தார். “இங்கன அலைஞ்சு பிரயோஜனமில்ல மாப்ள. நேரா கோட்டைக்கே போயிருவோம்.” கோட்டை என்றால் சென்னைக் கோட்டை, தலைமைச் செயலகம் இருக்கிற இடம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். என்னிடம் படித்த ஒருத்தன் அங்கே ஒரு துறையில் வேலை பார்க்கிறான். அவனைப் பிடித்து, ஓர் அதிகாரியை மத்தியானம் பார்க்க ஏற்பாடு செய்தேன். மனுவை நான் எழுதினேன். அத்தாட்சியாக அந்த உப்புத் தண்ணீரையே ஒரு பாட்டிலில் கொண்டுபோய் மேசை மேல் வைப்பது மச்சானின் யோசனை. “பாத்தா போதும், பேச வேண்டியதே இல்ல” என்றார்.

அக்காவும் வருவேன் என்றாள். ஞானஸ்நான விருந்தில் குடித்துக் காலியாகி மகன் கொண்டுவந்திருந்த கலர் பாட்டில்கள் இரண்டை எடுத்தாள். ஒன்றில் உப்புத் தண்ணீர். இன்னொன்றில் வழிக்குக் குடிக்க நல்ல தண்ணீர். அந்த நல்ல தண்ணீர் எது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகன் நத்தத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் கேனில் கொண்டு வருவது, சம்பந்தி வீட்டு மாந்தோப்புக் கிணற்றுத் தண்ணீர். வீட்டில் தங்க மாட்டாள், கிணற்றை மட்டும் ஒரு வருஷமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எழும்பூரில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டு, ஆட்டோவில் கோட்டைக்குப் போனோம். வழியெல்லாம் தண்ணீர் லாரிகள். ஒரு தெருமுனையில் பெண்கள் வண்ண வண்ணக் குடங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, ரொம்ப நேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சொந்த ஊர்க்காரர்களைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

கோட்டை வாசலில் இறங்கியதும் மச்சான் அண்ணாந்து பார்த்தார். பிறகு இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். “கோட்டை எங்க மாப்ள?”

“இதுதான் மச்சான்.”

“ஏறுறதுக்கு ஒண்ணுமே இல்லையே!”

திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குக் கோட்டை என்றால் ஊருக்கு நடுவே நிற்கும் பாறை மேல் இருக்க வேண்டும். மூச்சு வாங்க ஏறி, மேலே ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். தெருவோடு தெருவாகத் தரையில் கிடக்கிற ஒன்றைக் கோட்டை என்று சொல்லி நாட்டை ஆள்கிறார்கள் என்பது மச்சானுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. “இதையா இம்புட்டு வருஷம் டிவியில காட்டுறாய்ங்க” என்று முணுமுணுத்தார்.

வாசலில் பையைச் சோதித்த போலீஸ்காரர் உப்புத் தண்ணிப் பாட்டிலை வெளியே எடுத்தார். ஒரு ராத்திரி ரயிலில் குலுங்கி வந்ததில் அது பழுப்பாக மாறி, அடியில் ஏதோ தங்கியிருந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இன்னாது இது?”

“தண்ணி சார்” என்றார் மச்சான்.

“தண்ணியா? குடி, பாக்கலாம்.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பத்து வருஷமாக அந்தத் தண்ணீரில் குளித்திருக்கிறார், துணி துவைத்திருக்கிறார், செடிக்கு ஊற்றிச் செடியைக் கொன்றிருக்கிறார். குடித்தது மட்டும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினார். முகம் எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது.

“தண்ணின்ற, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?” என்றார் போலீஸ்காரர்.

“அதச் சொல்லத்தான் சார் இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம்.”

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். உள்ளே விட்டுவிட்டார். மச்சான் அவசரமாக நல்ல தண்ணிப் பாட்டிலுக்குக் கை நீட்டினார். அக்கா ரெண்டு மடக்குக்கு மேல் தரவில்லை. சாயங்காலம் வரைக்கும் வரணும் என்று சொல்லி மூடிவிட்டாள்.

அதிகாரியைப் பார்க்க இன்னும் நேரம் இருந்தது. வெயில் கொளுத்தியது. கோட்டைக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, உள்ளே ஃபேன் ஓடும் என்று யாரோ சொன்னார்கள். ஃபேனுக்காகத்தான் டிக்கெட் எடுத்தோம். பழைய வாளையும் நாணயத்தையும் பீங்கான் தட்டையும் மச்சான் வேகமாகப் பார்த்து முடித்துவிட்டு ஒரு ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டார். அங்கேதான் ஒரு டீச்சர் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் புத்தி, நானும் காதைக் கொடுத்தேன்.

இந்த நகரம் தொடங்கியபோது இங்கே ஒன்றுமே இல்லை என்றார் டீச்சர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவே ஒரு மணல் திட்டு. பக்கத்தில் மீனவர்களின் சில குடிசைகள். கப்பல் நிற்கத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், படகில் அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் கரைக்கு வர வேண்டும். துணி மலிவாகக் கிடைக்கிறது என்று வியாபாரிகள் இந்த மணலை வாங்கிச் சுவர் கட்டினார்கள். நிழல் கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது. பார்த்தவர்கள் எல்லாம் இதைப்போய் வாங்கினார்களே என்று சிரித்திருப்பார்கள் என்றார்.

என் மச்சான் ஃபேனை விட்டு நகர்ந்து வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மகனின் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

“மாப்ள, கேட்டியா? நிழலு கெடையாதாம்!”

“கேட்டேன்.”

“நல்ல தண்ணி கெடையாதாம்!”

“ஆமா.”

“பாக்குறவன் பூராம் சிரிச்சானாம்! அப்ப அந்தப் புரோக்கரு சொன்னதுல என்ன தப்பு?”

எனக்கும் அப்படித்தான் பட்டது. இத்தனை வருஷமும் ஏமாற்றுக்காரன் என்று நாங்கள் திட்டித் தீர்த்த மனுஷன், சொன்னதைச் சொன்னபடியே விற்றிருக்கிறார். குட்டி மெட்ராஸ் என்றார். அசல் மெட்ராஸுக்கு என்னவெல்லாம் இல்லையோ அதெல்லாம் இங்கேயும் இல்லை. கடல் ஒன்றுதான் குறை. ஆழ்குழாயைத் திறந்தால் அந்தக் குறையும் தெரியாது. நாங்கள்தான் வருஷக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம். பத்து வருஷம் இல்லை, சில நூறு வருஷம் பொறுத்திருக்க வேண்டும். மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். தலைநகரம் ஒன்றைத் தொடங்கி வைத்தவர்களின் படங்களைச் சமமான ஆள் பார்க்கிற பார்வையில் பார்த்தார்.

அக்கா மட்டும் அந்தப் பழைய படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் நகர்ந்ததும் டீச்சரிடம் போய்க் கேட்டாள்.

“ஏம்மா, நல்ல தண்ணி இல்லேன்னீங்க. அப்ப கோட்டைக்குள்ள இருந்தவுக என்னத்தக் குடிச்சாக?”

டீச்சர் திரும்பினார். “வெளியில தூரத்துல கிணறு இருந்துச்சும்மா. அங்கேருந்து சுமந்து கொண்டாந்தாங்க.”

“யாரு சொமந்தா?”

“அது... ஆளுங்கதாம்மா. பேரெல்லாம் எழுதி வைக்கல.”

“பச்சப்புள்ள இருந்திருக்குமே உள்ளுக்க? அதுகளக் குளிப்பாட்ட?”

டீச்சர் நல்லவர், தெரியாது என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போனார். அக்கா படத்தை இன்னும் செத்த நேரம் பார்த்தாள். படத்தில் கப்பல் இருந்தது, கொடி இருந்தது, சுவர் இருந்தது. குடம் இல்லை.

மத்தியானம் அதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். கடுகடுப்பான ஆளாக இருப்பார் என்று நினைத்துப் போனோம், அப்படி இல்லை. உட்காரச் சொன்னார். மனுவைக் கையில் வாங்கினார். இரண்டு வரி படித்திருப்பார், இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை, கண்ணில் தண்ணீர் வருகிற இருமல். மேசையில் இருந்த பாட்டிலைத் தூக்கிக் கவிழ்த்தார், காலி. மணியை அடித்தார், யாரும் வரவில்லை.

மச்சான் என்னை முழங்கையால் இடித்தார். அவர் மனசில் ஓடியது எனக்குப் புரிந்தது. இதைவிட நல்ல நேரம் வராது, உப்புத் தண்ணியை எடுத்து நீட்டு என்கிறார். இருமலில் ஒரு வாய் குடித்தால் போதும், நகருக்குக் குழாய் வந்துவிடும். பை அக்காவின் மடியில் இருந்தது. அவள் கை அதற்குள் போனது. எடுத்தாள், மூடியைத் திருகினாள், நீட்டினாள்.

அதிகாரி மடமடவென்று பாதிப் பாட்டிலைக் குடித்தார். இருமல் நின்றது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

“தண்ணி நல்லா இருக்கேம்மா. ஸ்வீட்டா இருக்கு. எந்த ஊர்?”

“திண்டுக்கல்லு” என்றாள் அக்கா.

“எங்க ஃப்ளாட்டுல வர்ற தண்ணிய நீங்க பார்க்கணும். வாயில வைக்க முடியாது. லாரிதான்” என்றார். அவர் மனுவைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மறுபடியும் மனுவைப் பார்த்தார். உப்பு, கசப்பு, குடிக்கத் தகுதியற்றது என்றெல்லாம் நான் அதில் எழுதியிருந்தேன். மச்சான் பதறிப்போய், சார் அது வேற தண்ணி, இதுதான் எங்க தண்ணி என்று அடுத்த பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டார். ஒரு நல்ல பாட்டிலைக் காட்டிவிட்டு ஒரு கெட்ட பாட்டிலைக் காட்டுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். மனுவின் மூலையில் ஏதோ எழுதினார். உரிய நடவடிக்கைக்காகத் திண்டுக்கல்லுக்கே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். ஊருக்குள் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஆபீசுக்கு, தலைநகரம் வழியாக மனுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் மச்சான் வெடித்தார்.

“உனக்குக் கண்ணு தெரியாதா? ரெண்டு பாட்டிலுக்கும் வித்தியாசம் தெரியாதா? இம்புட்டு நாளு குடம் குடமாப் பிரிச்சு வச்சவ, இன்னைக்குன்னு பாத்து மாத்திக் குடுத்திருக்கியே!”

“மாத்திக் குடுக்கல” என்றாள் அக்கா. “தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

“தெரிஞ்சேவா?”

“இருமுற மனுசனுக்கு உப்புத் தண்ணியவா நீட்டுவாக? கை வரல எனக்கு.”

மச்சானுக்கு அதற்கு மேல் திட்ட வழி தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் தெரிந்திருக்காது. முழங்கையால் இடித்த அவரே பையை மடியில் வைத்திருந்தாலும் நல்ல தண்ணியைத்தான் எடுத்திருப்பார். தலையில் அடித்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

அக்கா அந்த உப்புத் தண்ணிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அதை அப்படியும் இப்படியும் சாய்த்தாள். அடியில் கிடந்தது எழுந்து கலங்கியது. பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“ஏலே, யாருன்னே தெரியாத மனுசன். அவருக்கு இதுல ஒரு வாய் குடுக்க எனக்கு மனசு வரல. எம் பேத்திய இதுலதான குளிப்பாட்டச் சொன்னேன்? அந்தப் புள்ள வேணாம் அத்தைன்னு கெஞ்சுச்சு. நான் அவள என்னவெல்லாம் பேசுனேன் தெரியுமா?”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மூடியைத் திறந்து, எங்கள் அத்தாட்சி முழுவதையும் அந்த மரத்தின் வேரில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, மரம் பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்சம் தள்ளி வந்து நின்றுகொண்டாள்.

திரும்பி வரும் ரயிலில் மச்சான் பக்கத்து சீட்டுக்காரரிடம் மெட்ராஸ் எப்படி உருவானது என்று விளக்கிக்கொண்டே வந்தார். எங்கள் நகரில் இன்னும் சில மனைகள் காலியாக இருப்பதாகவும் சொன்னார். நான் தூங்குவது மாதிரி படுத்துக்கொண்டேன்.

காலையில் திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு வெளியே மச்சான் வழக்கம்போல ஆட்டோக்காரரிடம் பேரம் பேச நின்றார். அக்கா அந்தப் பக்கம் போகவில்லை. கையில் பையோடு பஸ் ஸ்டாண்ட் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தேன்.

“எங்கக்கா போற?”

“நத்தத்துக்கு. பாட்டிலு காலியாக் கெடக்குல்ல.”

“சாயங்காலம் வந்துருவியா?”

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஒரு வருஷ வைராக்கியம் அவள் முகத்தில் இன்னும் பாக்கி இருந்தது. அதோடேயேதான் போனாள்.

“மச்சான்கிட்ட என்ன சொல்ல?”

“அவரு குட்டி மெட்ராஸப் பாத்துக்கிடட்டும். நான் எம் பேத்தியப் பாத்துக்கிடுறேன்” என்றாள். ஆட்டோ கிளம்பிவிட்டது.

சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் போய் நின்றால் அங்கே என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மருமகளுக்குப் போன் போட்டேன். உங்க அத்தை மெட்ராஸ்லருந்து ரயில்ல வந்த கையோட நத்தத்துக்கு பஸ் ஏறப் போறா, தங்குறதுக்குத்தான் வர்ற மாதிரி தெரியுது என்று சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை ஏதோ உளறுவது கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது.

“ரயில்ல வந்த அலுப்பு இருக்கும்ல மாமா. அத்தை குளிக்க வெந்நி போட்டு வைக்கிறேன்.”